பால் சங்கும் பால் டப்பாவும்

தூத்துக்குடின்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க முத்துல தான் ஆரம்பிப்பாங்க. முத்து நகர், முத்துக்குளித்துறை, சென்னைக்குப் போற ரயிலுக்குக் கூட முத்து நகர் எக்ஸ்பிரஸ்னு தான் பேரு. ஆனா உண்மையைச் சொன்னா முத்து ஒரு லாட்டரி. சில வருஷம் அள்ளிக் கொடுக்கும், அப்புறம் வருஷக்கணக்கா பாரெல்லாம் காலியா கிடக்கும். கடைசியா இங்க முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. இந்தக் கடற்கரைக்கு ஒழுங்கா சோறு போட்டது முத்து இல்ல, சங்கு.

பரதவர்கள் மூழ்கி எடுத்த சங்கு இங்கேருந்து வங்காளத்துக்குப் போச்சு. அங்க கல்யாணமான பெண்கள் போடற வெள்ளை வளையல் நம்ம மன்னார் வளைகுடா சங்கை அறுத்துச் செஞ்சது தான். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர், அப்புறம் நம்ம மீன்வளத்துறைன்னு யாரு ஆண்டாலும் சங்குக் குளிப்பை மட்டும் கையை விட்டு விடல. மதராஸ் மாகாண மீன்துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல சங்கைப் பத்தியே ஒரு தனிப் புத்தகம் போட்டார்னா அதோட மவுசைப் பாத்துக்கோங்க. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம்: குறிப்பிட்ட விட்டத்துக்குச் சின்னதா இருக்கற சங்கை எடுக்கக்கூடாதுன்னு சட்டம். அளந்து பாத்து, சின்னதா இருந்தா திரும்பக் கடல்ல விட்டுடணும். குஞ்சைப் பிடிச்சா நாளைக்குத் தொழிலே இருக்காதுன்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருந்துது. சங்குக் குஞ்சுக்கு இருந்த அந்த அக்கறை மனுஷக் குஞ்சுக்கு எப்ப வந்துச்சுங்கறது தான் இந்தப் பதிவோட மேட்டர்.

சங்கு வளையலுக்கும் ஊதறதுக்கும் மட்டும் இல்ல. சின்னச் சங்கா பாத்து, நல்லா தேய்ச்சுக் கழுவி, அதுல பால் ஊத்தி கைக்குழந்தைக்குப் புகட்டறது நம்ம பக்கத்துல ரொம்பப் பழைய பழக்கம். பிறந்தா ஒரு சங்கு, கல்யாணத்துக்கு ஒரு சங்கு, போனா ஒரு சங்குன்னு பெரியவங்க சொல்ற கணக்குல முதல் சங்கு இது தான். பின்னாடி அதே வடிவத்துல பித்தளை, வெள்ளி, எவர்சில்வர்னு வந்ததைத் தான் பாலாடைன்னு சொல்றோம். மடியில போட்டு, மூக்கு மாதிரி நீண்ட நுனியைக் குழந்தையோட வாயோரத்துல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சா உள்ள போயிடும். அடைச்சுக்க ரப்பர் கிடையாது, உள்ள அழுக்கு தங்க இடுக்கு கிடையாது. 1999ல ஒரு மருத்துவ இதழ்ல பச்சைக் குழந்தைகளுக்குப் பாலாடை, கப், பாட்டில் மூணையும் ஒப்பிட்டு ஆய்வு வந்தது. பாலாடையில தான் குழந்தைங்க குறைஞ்ச நேரத்துல நிறைய பால் குடிச்சுதுங்களாம். இதைச் சொல்ல நம்ம ஆச்சிகளுக்கு ஆய்வு தேவைப்படல :-)

அதுக்காக பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல வரல. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கறேன்னு தேனையும் சர்க்கரைத் தண்ணியையும் நாக்குல தடவினதும் அதே ஆச்சிங்க தான். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி கூட வேண்டாம்னு டாக்டர்ங்க சொல்லிச் சொல்லித் தான் அது குறைஞ்சுது. நான் சொல்ல வர்றது வேற. அந்தச் சங்குக்கு யாரும் விளம்பரம் பண்ணல. "எங்க சங்குல குடிச்ச குழந்தை கொழுகொழுன்னு வளரும்"னு எந்தச் சுவத்துலயும் எழுதல.

டப்பா அப்படி வரல. வரும்போதே படத்தோட தான் வந்துச்சு. கன்னம் உப்பின வெள்ளைக்காரக் குழந்தை படம். கிளாக்ஸோங்கற கம்பெனி ஆரம்பத்துல மாத்திரைக் கம்பெனி இல்ல, நியூசிலாந்துலேருந்து பால் பவுடர் வித்த கம்பெனி. கொழுகொழுன்னு ஒரு குழந்தையைப் பாத்தா "கிளாக்ஸோ பேபி மாதிரி இருக்கு"ன்னு நம்ம வீடுகள்ல ரொம்ப காலம் சொன்னாங்க. விளம்பரம் ஜெயிச்சுதான்னு தெரிஞ்சுக்க இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? கம்பெனி பேரே அழகுக்கு உவமை ஆயிடுச்சு.

அந்த அழகுக்குப் பின்னாடி இருந்த கணக்கை முதல்ல சத்தம் போட்டுச் சொன்னது சிசிலி வில்லியம்ஸ்ங்கற டாக்டரம்மா. 1939ல, நம்ம ஆளுங்க நிறைய பேர் பிழைக்கப் போன சிங்கப்பூர்ல, ரோட்டரி கிளப்புல பேசக் கூப்பிட்டாங்க. அவங்க வச்ச தலைப்பு "பாலும் கொலையும்". கெட்டியான டின் பாலைக் குழந்தைக்கு நல்லதுன்னு சொல்லி விக்கறாங்க, நர்ஸ் மாதிரி உடுப்பு போட்ட பெண்களை வச்சுத் தாய்ங்களை நம்ப வைக்கறாங்க, குழந்தைங்க சாகுது, இதைக் கொலைன்னு தான் சொல்லணும்னு போட்டு உடைச்சாங்க. பவுடர் தானா விஷம் இல்ல. ஆனா காசில்லாத வீட்டுல அளவைக் குறைச்சுக் கலக்குவாங்க. தண்ணி சுத்தமா இருக்காது. பாட்டிலைக் கொதிக்க வைக்க விறகு இருக்காது. அதுக்குள்ள தாய்க்குப் பால் வத்திப் போயிருக்கும், திரும்பவும் முடியாது. வயித்துப்போக்கு வந்தா அவ்வளவு தான்.

இங்க கொஞ்சம் ரேடியோவைப் பத்திப் பேசணும். ஏன்னா அது எங்க பக்கத்துக் கதை.

1950கள்ல ஆல் இந்தியா ரேடியோவுல விளம்பரமே கிடையாது. அமைச்சரா இருந்த பி.வி.கேஸ்கர் 1952 வாக்குல சினிமாப் பாட்டுக்கும் கத்தரி போட்டார். நல்ல ரசனையை வளர்க்கணும்னு அவருக்கு எண்ணம். என்ன நடந்துச்சு? ஜனங்க முள்ளைத் திருகி ரேடியோ சிலோனுக்குப் போயிட்டாங்க. 1950லேருந்து அங்க வர்த்தக ஒலிபரப்பு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமெல்லாம் கொழும்பு பக்கத்து வீட்டுல பேசற மாதிரி கேக்கும். மயில்வாகனன், அப்புறம் பி.எச்.அப்துல் ஹமீது குரலெல்லாம் கடலோர ஊருக்கு உள்ளூர்க் குரல். பாட்டு கேக்கப் போனவங்க காதுல விளம்பரமும் சேர்ந்து விழுந்துச்சு. இந்தி சேவையில ஒவல்டின் கம்பெனி நடத்தின ஒரு நிகழ்ச்சி இருந்துது. பின்னாடி நாடே கொண்டாடின அறிவிப்பாளர் அமீன் சயானிக்கு அதுல விளம்பரம் வாசிச்சதுக்குச் சம்பளம் வாரம் ஒரு சின்ன ஒவல்டின் டின்னாம்! பணம் கூட இல்ல, டின்.

டெல்லியில உக்காந்து விளம்பரத்துக்குக் கதவை மூடினாங்க. அது கடல் தாண்டி வந்து எங்க வீட்டு மரப்பெட்டியில பேசிச்சு. கடைசியில 1967ல விவிதபாரதியிலயும் விளம்பரம் விட்டாங்க, 1976ல தூர்தர்ஷன்லயும் விட்டாங்க. இன்னைக்கு யூடியூபை எப்படிக் கட்டுப்படுத்தறதுன்னு முழிக்கறவங்க இந்தக் கதையைப் படிக்கலாம். புதுசு ஒண்ணும் இல்ல.

டப்பாவும் சுதேசி ஆச்சு. மைசூர்ல இருக்கற மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்துல எருமைப் பால்லேருந்து குழந்தைக்கான பால் பவுடர் பண்ற முறையைக் கண்டுபிடிச்சாங்க. எருமைப் பால்ல முடியவே முடியாதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் சொன்ன காலம் அது. அமுல் அதை எடுத்து அமுல்ஸ்ப்ரேன்னு வித்தது. கப்பல் விட்ட வ.உ.சி. ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டா புல்லரிக்கும், எனக்கும் தான். ஆனா டப்பா சுதேசியா இருந்தாலும் பாட்டிலைக் கழுவற தண்ணி அதே தண்ணி தானே. இதனால தான் பின்னாடி வந்த சட்டம் உள்நாடு, வெளிநாடுன்னு பாக்கல.

இந்தச் சட்டம் எப்படி வந்ததுங்கறதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். நம்ம நாட்டுல குழந்தை உணவு விளம்பரத்துக்குப் பல்லோட வந்த ஒரே சட்டம் இது.

1974ல லண்டன்ல "வார் ஆன் வான்ட்"ங்கற அமைப்பு "குழந்தைக் கொலைகாரன்"னு பேர் வச்சு ஒரு சின்னப் புத்தகம் போட்டது. எழுதினவர் மைக் முல்லர். சுவிட்சர்லாந்துல சில இளைஞர்கள் அதை ஜெர்மன்ல மொழிபெயர்த்து, தலைப்புல நேராவே நெஸ்லே பேரைப் போட்டுட்டாங்க. கம்பெனி அவதூறு வழக்கு போட்டு 1976ல ஜெயிச்சுது. பதிமூணு பேருக்குத் தலைக்கு 300 பிராங்க் அபராதம். ஆனா நீதிபதி கம்பெனியும் தன்னோட விளம்பர முறையை மாத்திக்கணும்னு சொல்லிட்டார். கேஸ்ல ஜெயிச்சு ஊர் வாயில தோத்தது இது தான். 1977ல அமெரிக்காவுல புறக்கணிப்புப் போராட்டம் ஆரம்பிச்சது. 1981 மே மாசம் ஜெனீவாவுல உலக சுகாதார சபையில தாய்ப்பால் மாற்று உணவுகளை எப்படி விக்கலாம், விக்கக் கூடாதுன்னு ஒரு சர்வதேச விதிமுறை ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 118. நடுநிலை 3. எதிர்ப்பு 1. அந்த ஒண்ணு அமெரிக்கா.

இந்தியா 1983ல இதை ஒட்டி ஒரு தேசிய விதிமுறை கொண்டு வந்துச்சு. விதிமுறைன்னா தெரியுமே, கேட்டா கேளு கேக்காட்டி போ ரகம். சட்டமா வர இன்னும் ஒம்பது வருஷம் ஆச்சு. 1992 டிசம்பர் கடைசியில நிறைவேறி, 1993 ஆகஸ்ட் 1லேருந்து அமலுக்கு வந்தது. பேர் ரொம்ப நீளம். குழந்தைப் பால் மாற்றுகள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் சட்டம்னு வச்சுக்கோங்க.

அதுல என்ன இருக்குன்னு பாத்தா இது நம்ம ஊர்ச் சட்டம் தானான்னு சந்தேகமே வரும். பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் அறவே கூடாது. "தவறான விளம்பரம் கூடாது" இல்ல, விளம்பரமே கூடாது. இலவச சாம்பிள் கூடாது. டப்பா மேல குழந்தை படமும் கூடாது, தாய் படமும் கூடாது. தாய்ப்பாலே சிறந்ததுன்னு பெரிய எழுத்துல போட்டாகணும். தாய்ப்பாலுக்குச் சமம்னு தொனிக்கற வார்த்தை எதுவும் வரக்கூடாது. ஆஸ்பத்திரியில போஸ்டர் ஒட்டக்கூடாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் பரிசு கொடுக்கக்கூடாது. மீறினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம். அரசாங்கம் அங்கீகரிச்ச தன்னார்வ அமைப்புகளும் நேரா கோர்ட்டுல புகார் கொடுக்கலாம். அதிகாரி எப்ப எழுந்திருப்பார்னு காத்திருக்க வேண்டாம்.

2000ல கேபிள் டிவி விதிகள்லயும் இதைச் சேர்த்தாங்க. சிகரெட், சாராயம் விளம்பரம் கூடாதுன்னு சொல்ற அதே பட்டியல்ல பால் பவுடரும் பால் புட்டியும் உக்காந்திருக்கு. 2003ல சட்டத்தைத் திருத்தி, ஆறு மாசத்துக்கு மேல கொடுக்கற கஞ்சி மாவு வகையறாவுக்கும் விளம்பரத் தடை போட்டு, வயசு வரம்பை ரெண்டுன்னு தெளிவா எழுதினாங்க. கிளாக்ஸோ பேபியைக் காட்டி வித்த நாட்டுல இன்னைக்குப் பால் பவுடர் டப்பாவுல ஒரு குழந்தை முகம் கூட இல்ல. கடையில பாத்தீங்கன்னா கரடி, பறவைக்கூடு இப்படித் தான் இருக்கும்.

ஓட்டையே இல்லையான்னா இருக்கு. கருத்தரங்கு நடத்தறது, இணையத்துல அம்மாக்களுக்கு அறிவுரை சொல்றேன்னு நுழையறதுன்னு வழி தேடிக்கிட்டே தான் இருக்காங்க. டப்பாவுக்குள்ள இருக்கறதும் தனிப் பிரச்சினை. 2024ல சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு நெஸ்லேயோட செரிலாக்கைச் சோதிச்சுப் பாத்தப்ப, இந்தியாவுல விக்கறதுல ஒரு வேளைக்குச் சராசரியா 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தது தெரிஞ்சுது. சொந்த நாடான சுவிட்சர்லாந்துல விக்கறதுல சேர்க்கல. இருந்தாலும் விளம்பரம்ங்கற ஒரு விஷயத்துல இந்தச் சட்டம் சாதிச்சதை மறுக்க முடியாது. ஏன் சாதிச்சதுன்னா அது பொருளைப் பேர் சொல்லித் தடுத்துச்சு. நல்லதா கெட்டதா, பொய்யா மெய்யான்னு வாதாட இடமே கொடுக்கல.

சரி, குழந்தைக்கு ரெண்டாவது பிறந்தநாள் கொண்டாடியாச்சு. கேக் வெட்டியாச்சு. மறுநாளிலேருந்து?

மறுநாளிலேருந்து இந்தச் சட்டம் அதைக் கண்டுக்காது. இனிமே வேற விதிகள். ஆகாசவாணி, தூர்தர்ஷன் விளம்பரக் கோட்பாட்டுல ஒரு அருமையான ஷரத்து இருக்கு. இந்தப் பொருள் உங்கிட்ட இல்லேன்னா நீ மத்த பிள்ளைங்களை விட மட்டம்னு ஒரு குழந்தையை நினைக்க வைக்கிற விளம்பரத்தை ஏத்துக்கக் கூடாதாம். படிச்சுட்டுச் சிரிச்சேன். நாம பாத்து வளர்ந்த சத்து மாவு விளம்பரம் அத்தனையும் இது தானே! பக்கத்து வீட்டுப் பையன் உயரம், நம்ம பையன் குட்டை. அவன் கம்பியில எட்டித் தொங்கறான், இவன் கீழே நின்னு பாக்கறான். அப்புறம் ஒரு டம்ளர்.

ஹார்லிக்ஸ் பொறந்த கதையே வேடிக்கை. 1873ல அமெரிக்காவுல ஹார்லிக் சகோதரர்கள் ஆரம்பிச்சப்ப அது கைக்குழந்தைக்கும் நோயாளிக்குமான உணவு. இங்கிலாந்துல அது ராத்திரி நல்லா தூக்கம் வரக் குடிக்கற பானம். நம்ம ஊருக்கு வந்ததும் முழிச்சுப் படிக்கறதுக்கான பானம்! 2008ல பங்களாதேஷுக்காக எடுத்த ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒண்ணு லண்டன்ல ஒரு நேபாளி சேனல்ல தவறி ஓடிடுச்சு. குடிச்சா உயரம், பலம், புத்தி எல்லாம் கூடும்னு சொன்ன விளம்பரம். பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் ஆதாரம் எங்கன்னு கேட்டு நிறுத்திடுச்சு. அதே சமயத்துல காம்ப்ளான் விளம்பரம் ஒண்ணுக்கும் அதே கதி. அதே மாதிரி விளம்பரம் நம்ம டிவியில வருஷக்கணக்கா ஓடினது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆதாரம் வேணும், நம்ம பிள்ளைக்கு வேண்டாம் போல.

இப்ப விதியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2020ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ளயும் வாசல்லேருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளயும் விக்கவோ விளம்பரம் பண்ணவோ கூடாது. நல்ல விதி தான். ஆனா அந்த 50 மீட்டருக்குள்ள யார் இருக்கா? சாக்கு விரிச்சு மாங்காய் கீத்தும் மிட்டாயும் விக்கற ஆச்சி இருக்காங்க. மேல சரம் சரமா தொங்கற சிப்ஸ் பாக்கெட்டை அவங்க எடுத்துடலாம். பையன் வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டா விளம்பரத்துக்கும் அவனுக்கும் நடுவுல எத்தனை மீட்டர்?

2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டுதல் வந்தது. சிப்ஸ், குளிர்பானம் மாதிரி நொறுக்குத் தீனிகளைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடுவுலயோ குழந்தைகளுக்கே ஆன சேனல்லயோ காட்டக்கூடாது. தக்க ஆதாரம் இல்லாம அறிவு வளரும், பலம் கூடும்னு சொல்லக்கூடாது. அட, பரவாயில்லையேன்னு தோணும். ஆனா உங்க வீட்டுப் பிள்ளை கார்ட்டூன் மட்டுமா பாக்குது? ஐ.பி.எல். பாக்குது, ஆச்சி மடியில உக்காந்து சீரியல் பாக்குது. கிரிக்கெட் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி இல்லையாம்! பிரிட்டன்ல 2026 ஜனவரியிலேருந்து நிகழ்ச்சியையே பாக்கறதில்ல, கடிகாரத்தைப் பாக்கறாங்க. இந்த வகைத் தீனி விளம்பரம் ராத்திரி 9 மணிக்கு முன்னாடி டிவியில வரக்கூடாது. இணையத்துல காசு கொடுத்துப் போடறது எந்நேரமும் கூடாது. சிலியில 2016லேயே டப்பாவுல கார்ட்டூன் பொம்மை போடறதையே தடுத்துட்டாங்க.

நம்ம ஊர்ல பெரிய அசைவு வந்தது ஒரு தனி ஆளால. 2023 ஏப்ரல்ல ரேவந்த் ஹிமத்சிங்கா போர்ன்விட்டாவுல எவ்வளவு சர்க்கரைன்னு ஒரு வீடியோ போட்டார். கம்பெனி நோட்டீஸ் விட்டது, அவர் வீடியோவை எடுத்துட்டார், அதுக்குள்ள ஊரே பாத்துடுச்சு. குழந்தைகள் உரிமை ஆணையம் விசாரிச்சதுல வந்த வேடிக்கை என்னன்னா, "ஹெல்த் டிரிங்க்"னு ஒரு வகை நம்ம உணவுச் சட்டத்துலயே கிடையாது. இத்தனை வருஷமா இல்லாத ஒண்ணை வித்திருக்காங்க! 2024 ஏப்ரல்ல அந்தத் தலைப்புல இதை வைக்காதீங்கன்னு இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு சொல்லிச்சு. ஹார்லிக்ஸ் வேற ஒரு நீளமான பேருக்கு மாறிடுச்சு.

"சர்க்கரைன்னு இவ்வளவு பேசறியே, உங்க ஊர் மக்ரூன்ல என்ன பாகற்காயா இருக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயம் தான். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, மீதி முழுக்க சர்க்கரை. நான் தூத்துக்குடியிலேருந்து யாரு வந்தாலும் வாங்கிட்டு வரச் சொல்ற ஆள். ஆனா எந்த பேக்கரிக்காரரும் இதைத் தின்னா உன் மகன் ரெண்டு அங்குலம் வளருவான்னு சொன்னது கிடையாது. மிட்டாயை மிட்டாய்னு வித்தா எனக்கு ஒரு சண்டையும் இல்ல.

அடுத்த தடவை சூப்பர் மார்க்கெட் போறப்ப குழந்தை சாமான் வரிசையில ஒரு நிமிஷம் நில்லுங்க. பால் பவுடர் டப்பா எடுத்துப் பாருங்க, தாய்ப்பாலே சிறந்ததுன்னு எழுதியிருக்கும், குழந்தை படம் இருக்காது. அப்படியே கொஞ்சம் தள்ளி ஜூனியர் ஹார்லிக்ஸ் இருக்கும். அதுல ஒரு யானைக்குட்டி சிரிச்சுக்கிட்டு நிக்கும். எந்த வயசுக்குன்னு டப்பாவுல பாருங்க. 2 வயசுலேருந்து 6 வரைக்கும்.